கெர்னலுக்கும் கவாத்து வேண்டும்

மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரைத் தாண்டி வடக்கே ஏறும் சாலையில் இருக்கிறது கியா பார்ம். சாலையோரக் காய்கறிச் சந்தை, சரிவெங்கும் நெகிழிக் கூரை போட்ட தோட்டங்கள், பக்கத்திலேயே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரிந்து போகும் குறுகலான பாதை என, மழையும் மூடுபனியும் ஓயாத உயரத்தில் அமைந்த சிற்றூர் அது. இப்படிப்பட்ட சரிவில் மண்ணின் ஈரத்தை அளக்கவோ, சொட்டுநீர்க் குழாயில் உரக்கரைசலை விடவோ, ஓடையின் நீர்மட்டத்தைக் கவனிக்கவோ ஒரு கருவியை நட்டு வைத்தால், அதற்குள் ஒரு சிறு கணினி இருக்கும். அதற்குத் திரையும் விசைப்பலகையும் கிடையாது. அது நின்றுபோனால் பொத்தானை அழுத்தி எழுப்ப ஆளும் அருகில் இருக்க மாட்டார். ஒரு சூரியத் தகடும் ஒரு பேட்டரியும்தான் அதற்கு மின்சாரம். அதன் வேலை மிக அவசியமாகும் நேரமோ பெருமழை கொட்டும் நள்ளிரவு. 2013 அக்டோபர் 23 அன்று, கனமழையைத் தொடர்ந்து ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளக்காடாகி உயிர்கள் பலியானதை இந்த மலை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் துயரத்துக்குக் கணினிக் கோளாறு காரணம் என்று சொல்ல வரவில்லை. இந்த மலையில் ஆபத்து எந்த நேரத்தில் வரும், எவ்வளவு விரைவாக வரும் என்பதற்கு அதுவே சான்று. அந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டிய கருவி, தன் நினைவகம் போதாமல் உறைந்து நின்றால் அதை அங்கே நட்டதில் பயனே இல்லை.

அப்படி உறைவதும் உறையாததும் பெரும்பாலும் அதன் கெர்னலைப் பொறுத்தது. கணினியை இயக்கும் மென்பொருளின் அடித்தளம் கெர்னல். புராசசரின் நேரத்தை எந்த வேலைக்கு எவ்வளவு தருவது, நினைவகத்தின் எந்தப் பகுதியை யாருக்கு ஒதுக்குவது, உணரியும் வானொலியும் பேசும்போது யார் கேட்பது என்பதையெல்லாம் அது முடிவு செய்கிறது. மேசைக் கணினி வாங்குபவர் இதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. எந்தச் சாதனத்தைச் செருகினாலும் ஓட வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் அடக்கிய ஒரு கெர்னல் அதில் வந்துவிடுகிறது. சிறு கருவியின் நிலை வேறு. அதன் புராசசர் எது, நினைவகம் எவ்வளவு, அது என்ன வேலை செய்யப்போகிறது என்பவை தொழிற்சாலையிலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் பொதுக் கெர்னலை அப்படியே ஏற்றி அனுப்புவது, செய்ய வேண்டிய முடிவுகளைச் செய்யாமல் தள்ளிப்போடுவதாகும். கெர்னலைக் கருவிக்கேற்ப அமைப்பது, நெருக்கடியில் அந்தக் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் வேலை. அந்தத் தீர்மானம் கருவி நிற்கப்போகும் இடத்தை அறிந்தவர்களின் பார்வைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கவாத்து தெரியும். விட்டுவிட்டால் மரமாகிவிடும் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி இடுப்பளவில் நிறுத்துகிறார்கள். செடியின் சத்து தண்டுக்கும் கிளைக்கும் போகாமல் கொழுந்துக்குப் போக வேண்டும் என்பதற்காகவே அந்த வெட்டு. லினக்ஸ் கெர்னலுக்கும் இது பொருந்தும். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியபோது சில ஆயிரம் வரிகளாக இருந்த அது, 2020இல் 2 கோடியே 70 லட்சம் வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி, உலகில் இருக்கும் எண்ணற்ற சாதனங்களுக்கான இயக்கிகள். இவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க 15,000க்கும் மேற்பட்ட தெரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் கெர்னலோடு சேர்க்கலாம், தேவைப்படும்போது ஏற்றும் தனித் துண்டாக வைக்கலாம், அல்லது அறவே விட்டுவிடலாம். இந்தத் தெரிவுகள் அனைத்தும் ஒரே ஓர் எழுத்துக் கோப்பில் பதிவாகின்றன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மிகச் சிறியதாகக் கட்டினால், அமுக்கிய நிலையில் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான கெர்னல் கிடைக்கும். அது எந்த வேலைக்கும் உதவாது. ஆனால் எங்கிருந்து தொடங்கலாம் என்பதைக் காட்டும். அங்கிருந்து நம் கருவிக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வருவது ஒரு வழி. புராசசர் தயாரிப்பாளர் தரும் அமைப்புக் கோப்பிலிருந்து வேண்டாததைக் கழிப்பது இன்னொரு வழி.

நினைவகத்தின் கணக்கைப் பார்த்தால் இந்த வேலை ஏன் அவசியம் என்பது புரியும். 64 எம்பி ரேம் உள்ள கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் நினைவகத்தை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கிறது. 64 எம்பியில் 16,384 பக்கங்கள். 64 பிட் கெர்னல் ஒவ்வொரு பக்கத்துக்கும் வழக்கமாக 64 பைட் அளவில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ஆக, இருக்கும் நினைவகத்தைக் கணக்கு வைப்பதற்கே ஒரு முழு எம்பி போய்விடுகிறது. அதே கருவிக்கு 32 பிட் புராசசர் போதுமென்றால் இந்தச் செலவு ஏறக்குறைய பாதியாகும். கெர்னல் தன் செய்திகளை எழுதிவைக்கும் இடம் பொதுவாக 128 கேபி. அதை 16 கேபியாகக் குறைக்கலாம். லினக்ஸைத் தொகுத்து வழங்கும் பல விநியோகங்கள் 8,192 புராசசர் மையங்கள் (கோர்கள்) வரை தாங்கும்படி கெர்னலைக் கட்டி அனுப்புகின்றன. ஒரே மையம் உள்ள கருவியில், பல மையங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் போடும் பூட்டுகள்கூடத் தேவையில்லை. கடிகாரத் துடிப்பை நொடிக்கு 1,000 முறை வைப்பதா, 100 முறை வைப்பதா என்பதும் ஒரு தெரிவு. வேலை இல்லாதபோது துடிப்பை நிறுத்தி புராசசரை உறங்க விடுவது இன்னொரு தெரிவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி, மீதி நேரமெல்லாம் காரணமின்றி விழித்துக்கொண்டிருந்தால் மூடுபனி நாளில் பேட்டரி தாங்காது.

புராசசர் எது என்பதைப் பொறுத்துத் தெரிவுகள் அடியோடு மாறும். இதற்கு நம் கைக்கெட்டும் தூரத்தில் நல்ல எடுத்துக்காட்டு, சென்னை ஐஐடியில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் உருவான சக்தி புராசசர் குடும்பம். ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் அடிப்படையில் அமைந்த இதன் வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். இதில் ஈ-கிளாஸ் என்பது சிறு கருவிகளுக்கானது. மூன்று கட்டங்களில் கட்டளைகளை நிறைவேற்றும் இது, ஃப்ரீ ஆர்டிஓஎஸ், செஃபிர் போன்ற மிகச் சிறிய இயங்குதளங்களை ஓட்டும். சி-கிளாஸ் ஐந்து கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி முகவரி வெளியைக் காட்டும் நினைவக மேலாண்மை அலகு இதில் உண்டு. அதனால் லினக்ஸை முழுமையாக ஓட்ட முடிகிறது. 2018 ஜூலையில், இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் ஆலையில் தயாரான சக்தி சில்லு லினக்ஸை ஏற்றி இயங்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள செமி கண்டக்டர் லேபரட்டரியின் 180 நானோமீட்டர் ஆலையிலேயே சக்தி சில்லு தயாரானது. 2020இல் மௌஷிக் என்ற சில்லு வந்தது. 2025இல் இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கிய ஐரிஸ் வெளியானது. ஒவ்வொரு முறையும் செய்தியானது சில்லுதான். ஆனால் ஒரு புதிய சில்லு உயிர் பெற்றதற்கு உலகம் ஏற்கும் சான்று, அதில் ஒரு கெர்னல் ஏறி நிற்பது. நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது, எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்பதை டிவைஸ் ட்ரீ என்னும் கோப்பில் எழுதிக் கெர்னலுக்குக் கொடுத்தாக வேண்டும். அதில் ஓர் எண் பிசகினால், கோடிகள் செலவிட்ட சில்லும் வெறும் மணல்தான்.

நினைவகம் தீர்ந்துபோகும் கணத்தில் என்ன செய்வது என்பதுதான் இருப்பதிலேயே கனமான தெரிவு. லினக்ஸ் வழக்கமாகத் தன்னிடம் இருப்பதைவிட அதிக நினைவகத்தை நிரல்களுக்கு வாக்களிக்கிறது. எல்லாரும் கேட்டதையெல்லாம் ஒரே நேரத்தில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பு அதன் பின்னால் இருக்கிறது. மேசைக் கணினியில் இது பெரும்பாலும் பலிக்கிறது. பலிக்காதபோது, அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கும் நிரலாகப் பார்த்துக் கெர்னல் அதைக் கொன்று இடம் பிடிக்கிறது. மேசைக் கணினியில் ஓர் உலாவிப் பக்கம் மூடும், அவ்வளவுதான். நீர்மட்டக் கருவியிலோ, அதிக நினைவகத்தைப் பிடித்திருப்பது நீர்மட்டத்தை அளக்கும் நிரலாகவே இருக்கக்கூடும். அதைக் கொன்றுவிட்டுக் கருவி மட்டும் உயிரோடு இருந்து என்ன பயன்? இதற்கு வழிகள் உண்டு. வாக்களிப்பதைக் கண்டிப்பான வரம்புக்குள் நிறுத்தலாம். முக்கிய நிரலைக் கொல்லக் கூடாதவற்றின் பட்டியலில் வைக்கலாம். நினைவகம் தீர்ந்தால் அரைகுறையாக ஓடுவதைவிட முழுவதுமாக மறுபடி எழுவதே மேல் என்று முடிவு செய்து, குறித்த நேரத்துக்குள் அறிகுறி வராவிட்டால் கருவியைத் தானே மீட்டு எழுப்பும் வாட்ச்டாக் கடிகாரத்தோடு இணைக்கலாம். இவற்றில் எது சரி என்பது கருவியின் வேலையைப் பொறுத்தது. எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டாலும், மேசைக் கணினிக்காக வேறொருவர் எடுத்த முடிவு நம் மலையில் அமலாகிவிடும்.

நினைவக அமைப்பில் விட்ட தெரிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் செவ்வாய்க் கோளே சாட்சி. 2004 ஜனவரியில் அங்கு இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, ஜனவரி 21 அன்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. அதனிடம் 128 எம்பி ரேமும் 256 எம்பி ஃபிளாஷ் நினைவகமும் இருந்தன. பயணத்தின்போதும் இறங்கிய பின்னும் சேர்ந்த கோப்புகளின் பட்டியல் ரேமில் வளர்ந்துகொண்டே போனது. ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றில் இரண்டு அமைப்புப் பிழைகள் முக்கியமானவை. கோப்பு முறைமைக்கான நினைவகம் தீர்ந்தால் பொது நினைவகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி ஒரு தெரிவு இருந்தது. கேட்ட நினைவகம் கிடைக்காத பணியை, பிழை என்று சொல்லித் தொடர விடாமல் அப்படியே நிறுத்திவிடும்படி இன்னொரு தெரிவு இருந்தது. இரண்டும் சேர்ந்து ஊர்தியைத் திரும்பத் திரும்ப மீண்டும் தொடங்கும் சுழலில் தள்ளின. ஃபிளாஷைத் தொடாமல் எழும்படி பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, கோப்புகளை அழித்து, பிப்ரவரியில் ஃபிளாஷையே புதிதாக வடிவமைத்த பிறகு அது மீண்டது. பிறகு 2010 வரை உழைத்தது. அதற்கு முன், 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்திலும் இப்படித்தான். முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருக்க, முன்னுரிமை மிக்க பணி அதற்காகக் காத்துக் கிடந்தது. கணினி அடிக்கடி தானே மறுபடி எழுந்தது. முன்னுரிமையைக் கைமாற்றித் தரும் வசதி இயங்குதளத்தில் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பூட்டில் அது அணைந்திருந்தது. அதை ஏற்றியதும் சிக்கல் தீர்ந்தது. இரு முறையும் நிரலாளர்களிடம் திறமைக் குறைவு இல்லை. ஒரு தெரிவின் விளைவைக் களச் சூழலோடு பொருத்திப் பார்க்காததே குறை.

நினைவகம் இப்போது மலிவு, கூடுதலாக ஒரு சில்லு வைத்தால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். விலையை மட்டும் பார்த்தால் அது உண்மை. ஆனால் ரேம் தான் வைத்திருப்பதை மறக்காமலிருக்க ஓயாமல் மின்சாரம் வேண்டும். பெரிய ரேம் என்றால் பெரிய பேட்டரி, பெரிய சூரியத் தகடு. இன்று வாங்கும் கூடுதல் இடத்தை நாளைய கெர்னல் நிரப்பிவிடும் என்பதும் அனுபவம் காட்டிய பாடம். வீட்டு இணைய ரூட்டர்களில் ஓடும் ஓபன் டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் விநியோகம், 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் கொண்ட கருவிகளில் பல ஆண்டுகள் நன்றாக ஓடியது. 2021இல் வந்த பதிப்புக்கு 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும் வேண்டியதாயிற்று. உலோகம் தேயவில்லை, சில்லு கெடவில்லை. மென்பொருள் வளர்ந்ததால் நல்ல கருவிகள் வழக்கொழிந்தன. தோட்டச் சரிவில் பத்து ஆண்டுகள் நிற்க வேண்டிய கருவிக்கு, முதல் நாளே நினைவகத்தில் மிச்சம் வேண்டும். அந்த மிச்சத்தை, வேண்டாததைக் கழித்தே பெற முடியும்.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிட வலுவானது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் பொதுக் கெர்னல் நன்கு சோதிக்கப்பட்டது. நாமாக வெட்டினால் யாரும் சோதிக்காத ஒரு கலவை கையில் வரும் என்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. வெட்டுகிற ஆர்வத்தில் செய்திப் பதிவையே நீக்கிவிட்டால், கருவி ஏன் நின்றது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பாதுகாப்புக்கான தெரிவுகளை இடத்துக்காக அணைப்பது தவறு. சிறு நினைவகத்துக்கென்றே இருந்த ஸ்லாப் (SLOB) என்ற ஒதுக்கீட்டு முறையை 2023இல் கெர்னல் பராமரிப்பாளர்களே நீக்கினார்கள். அதைக் கட்டிக்காக்கும் உழைப்பு அதன் பலனைவிட அதிகமாகியிருந்தது. பெரிய முறையையே சிறு கருவிக்கு ஏற்றபடி சுருக்கும் ஒரு தெரிவை அதன் இடத்தில் வைத்தார்கள். ஆகவே மைய நீரோட்டத்திலிருந்து விலகிப் போய்த் தனிக் கெர்னல் வளர்க்க வேண்டும் என்பது என் வாதம் இல்லை. அந்த நீரோட்டம் தரும் தெரிவுகளைப் பொறுப்போடு பயன்படுத்த வேண்டும் என்பதே. பொதுக் கெர்னல் பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. டிசிசிபி என்ற, மிகச் சிலரே பயன்படுத்திய வலைப்பின்னல் நெறிமுறையில் 2005 முதல் ஓர் ஓட்டை இருந்தது. 2017இல்தான் அது வெளியே தெரிந்தது. அந்த நெறிமுறையைப் பல விநியோகங்கள் பழக்கத்தால் சேர்த்தே அனுப்பியிருந்தன. அதைச் சேர்க்காமல் கட்டிய கருவிகளுக்கு அந்த ஓட்டையால் எந்தத் தீங்கும் இல்லை. தொகுக்கப்படாத நிரல் வரியைத் திருடன் திறக்க முடியாது.

இவ்வளவு சிறு வேலைக்கு லினக்ஸ் எதற்கு என்பது மூன்றாவது கேள்வி. பல இடங்களில் அதற்கு நான் முழுமனதாக உடன்படுகிறேன். ஈரத்தை அளந்து ஓர் எண்ணை வானொலியில் அனுப்புவது மட்டுமே வேலையென்றால், கிலோபைட் கணக்கில் நினைவகம் உள்ள ஒரு சில்லும், 2003இல் ரிச்சர்ட் பாரி தொடங்கிய ஃப்ரீ ஆர்டிஓஎஸ் போன்ற சிறு இயங்குதளமும் போதும். ஆனால் அங்கேயும் அமைக்கும் வேலை காத்திருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் எத்தனை பைட் அடுக்கு நினைவகம், மொத்தக் குவியல் எவ்வளவு, ஓடும்போது நினைவகம் கேட்பதை அனுமதிப்பதா, தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவதா என்பதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதியே ஆக வேண்டும். நினைவக மேலாண்மை அலகு இல்லாத அந்தச் சில்லில், ஒரு பணியின் அடுக்கு நிரம்பி வழிந்தால் பக்கத்துப் பணியின் எண்களை ஓசையின்றி அழித்துவிடும். நீர்மட்டம் தவறாகப் பதிவாகும். பிழைச் செய்திகூட வராது. படம் பிடித்து இலை நோயைக் கண்டறிய வேண்டும், கைபேசி வலை வழியே பாதுகாப்பாகத் தகவல் அனுப்ப வேண்டும், தொலைவிலிருந்தே புதுப்பிக்க வேண்டும் என்றால் லினக்ஸ் தேவைப்படும். வேலைக்கு ஏற்ற இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதே அமைப்பின் முதல் படி. எந்தத் தேர்வானாலும், நினைவகத்தின் எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்வதிலிருந்து தப்ப முடியாது.

இந்த முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் அக்கறை வேண்டும். மலேசியா 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தோடு, பத்து ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில், புராசசர் வடிவமைப்புகளைப் பெறும் ஒப்பந்தம் செய்தது. இன்டெல் 1972லேயே பினாங்கில் ஆலை தொடங்கிய நாடு, சில்லுகளைப் பொதிந்து சோதிப்பதிலிருந்து வடிவமைப்புக்கு முன்னேற நினைப்பது வரவேற்க வேண்டியது. ஆனால் வடிவமைப்பு கைக்கு வந்தாலும், அதன் மேல் ஏறும் கெர்னலை நம் நிலத்துக்கேற்ப அமைக்கத் தெரிந்த இளைஞர்கள் இல்லையென்றால், கருவி நம் ஊரில் நின்றாலும் அதன் முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்பட்டவையாகவே இருக்கும். இதைக் கற்கத் தொழிற்சாலை வேண்டாம். சக்தியின் வடிவமைப்பும் லினக்ஸின் மூலமும் திறந்தே கிடக்கின்றன. சில நூறு ரிங்கிட் விலைப் பலகை ஒன்றும், கட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, மறுபடி கட்டும் பொறுமையும் போதும். தொழிற்கல்லூரிகளில் நிரல் எழுதக் கற்பிக்கிறோம். ஒரு கெர்னலின் அமைப்புக் கோப்பை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு தெரிவுக்கும் காரணம் சொல்லவும் கற்பிக்க வேண்டும்.

வாங்குபவர்களுக்கும் இதில் உரிமை உண்டு. லினக்ஸ் வெளியிடப்படும் பொது உரிமத்தின்படி, அதைக் கருவியில் ஏற்றி விற்பவர் மூல நிரலையும், அதைக் கட்டும் முறையை ஆளும் கோப்புகளையும் கேட்பவருக்குத் தரக் கடமைப்பட்டவர். ஆகவே தோட்ட நிர்வாகமோ, விவசாயிகள் கூட்டுறவோ, நகராண்மையோ இத்தகைய கருவியை வாங்கும்போது மூன்றைக் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். கெர்னலின் அமைப்புக் கோப்பு எங்கே என்பது முதலாவது. நினைவகம் தீர்ந்தால் கருவி எதைக் காப்பாற்றும், எதைக் கைவிடும் என்பது இரண்டாவது. கெர்னலில் ஓட்டை தெரியவந்தால் எத்தனை ஆண்டுகளுக்கு யார் திருத்தித் தருவார்கள் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு எளிய விடையும் இருக்கிறது: கெர்னல் தன் அமைப்புக் கோப்பைத் தனக்குள்ளேயே சுமந்து, கேட்டால் காட்டும்படி ஒரு தெரிவு உண்டு, அதற்குச் சில பத்து கிலோபைட்டுகளே செலவாகும். எவ்வளவு வெட்டினாலும் அந்த ஒன்றை வெட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்ல முடியாத விற்பனையாளரின் கருவியை, மக்கள் உயிர் சம்பந்தப்பட்ட எந்தச் சரிவிலும் நிறுத்த அனுமதிக்கக் கூடாது.